உடைமைக்குக் குறி உண்டென்றால் "இட்ஸ்" மட்டும் என்ன பாவம் செய்தது?

ஜனவரி 6

வாசகர் ஒருவர் கேட்டதை அப்படியே போடுகிறேன்:

"ஆங்கிலத்துல உடைமைக்கு அப்பாஸ்ட்ரஃபி போடணும்னு பள்ளிக்கூடத்துல சொல்லித் தந்தாங்க. நாயோட வால்னா டாக்'ஸ் டெய்ல். குறி இருக்கு. அதே வாலை 'அதோட வால்'னு சொன்னா இட்ஸ் டெய்ல். குறி இல்லை. போட்டா தப்பாம். ஒரே நாய், ஒரே வால். ஒரு இடத்துல குறி வேணும், இன்னொரு இடத்துல கூடாதுன்னா அதுக்குப் பேரு விதியா? ஆங்கிலத்துல விதியே கிடையாது, மனப்பாடம்தான் உண்டு. இது என் வாதம். மறுக்கிறவங்க மறுக்கலாம்."

ஜனவரி 6, இரவு

மறுக்கிறேன், ஆனால் பாதிதான்.

முதலில் ஒரு ஏற்பாடு. ஆங்கிலச் சொற்களை இங்கே தமிழெழுத்திலேயே எழுதப்போகிறேன். குறி எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்தால் போதும். தமிழெழுத்தில் எழுதினால் ஒலி அப்படியே தெரியும், குறிக்கு ஒலியே இல்லை என்பதும் தன்னால் விளங்கும். பாய்ஸ், பாய்'ஸ், பாய்ஸ்' மூன்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். காதுக்கு மூன்றும் ஒன்றே. முழுத் தகராறும் கண்ணுக்கும் காகிதத்துக்கும் நடுவில்தான்.

இட்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். அதை நாயோடு சேர்த்து வைத்துப் பார்ப்பதால்தான் விதிவிலக்காகத் தெரிகிறது. அதன் சொந்தக்காரர்கள் வேறு: ஹிஸ், ஹெர்ஸ், அவர்ஸ், யுவர்ஸ், தெயர்ஸ், ஹூஸ். இவற்றில் எதிலாவது குறி இருக்கிறதா? ஹிஸ் என்பதை எச், ஐ, குறி, எஸ் என்று யாரும் எழுதுவதில்லை. அந்த வரிசையில் இட்ஸ் கடைசியாக வந்து உட்கார்ந்த பிள்ளை, அவ்வளவுதான்.

குறி போட்ட இட்'ஸ் என்றால் "இட் இஸ்" அல்லது "இட் ஹாஸ்" என்பதன் சுருக்கம். வேறு பொருள் கிடையாது. சந்தேகம் வந்தால் விரித்துப் படியுங்கள். "இட் இஸ் டெய்ல்" என்று வந்தால் காதே உதைக்கும், குறியை எடுத்துவிடலாம். ஹூ'ஸ் - ஹூஸ், யூ'ர் - யுவர், தே'ர் - தெயர் எல்லாவற்றுக்கும் இந்த ஒரே சோதனை.

ஜனவரி 7

"ஒன்'ஸ் ஓன் என்று குறியோடுதானே எழுதுகிறோம், ஒன் என்பதும் பிரதிப்பெயர்தானே?" என்று ஒரு மறுப்பு வந்திருக்கிறது. நியாயமான பிடி. நேற்று எழுதியதை இறுக்கிச் சொல்கிறேன்: நான், நீ, அவன், அவள், அது, அவர்கள் என்று ஆளைச் சுட்டும் பிரதிப்பெயர்களுக்குத்தான் குறி கிடையாது. அவற்றுக்கு உடைமைக்கென்றே தனி வடிவம் இருக்கிறது. ஒன், சம்படி, எவ்ரிஒன், நோபடி போன்றவற்றுக்குத் தனி வடிவம் இல்லை. அவை பெயர்ச்சொல்லைப் போல நடந்துகொள்கின்றன, அதனால் குறி உண்டு. சம்படி'ஸ், நோபடி'ஸ். ஈச் அதர்'ஸ் என்பதில் குறி எப்போதும் எஸ்-க்கு முன்னால்தான், இரண்டு பேராயிருந்தாலும் இருபது பேராயிருந்தாலும்.

ஜனவரி 9

கேட்டவர் விடவில்லை. "சொந்தக்காரங்க வரிசைன்னு சொல்றது பின்னால கண்டுபிடிச்ச சமாதானம்" என்கிறார். அவர் பக்கம் சாட்சி நிறையவே இருக்கிறது. நானே எடுத்துக் கொடுக்கிறேன்.

இட்ஸ் என்ற சொல்லே ஆங்கிலத்தில் புதுசு. அஃறிணைக்கும் ஹிஸ் என்றுதான் பழைய ஆங்கிலம் சொன்னது. 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் முதல் பதிப்பில் இட்ஸ் என்ற சொல்லைப் பார்க்க முடியாது. ஹிஸ் வரும், தேராஃப் வரும். லேவியராகமம் 25:5-இல் "இட் ஓன் அக்கார்ட்" என்று எஸ்ஸே இல்லாமல் அச்சிட்டிருந்தார்கள். பிற்காலப் பதிப்புகளில்தான் அங்கே எஸ் சேர்ந்தது.

16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தச் சொல் தலைகாட்டியபோது பலரும் அதைக் குறியோடுதான் எழுதினார்கள். பெயர்ச்சொல்லோடு எஸ் சேர்ந்தால் குறி, இதற்கும் குறி என்று நம் வாசகர் மாதிரியே யோசித்திருக்கிறார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் படித்தவர்கள் கையெழுத்திலும் அச்சிலும் உடைமைப் பொருளில் இட்'ஸ் சாதாரணம். 1787-இல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது: முதல் கூறு, பத்தாம் பிரிவு, மாநிலங்களின் "இன்ஸ்பெக்‌ஷன் லாஸ்" பற்றிய வரி. அதில் "அதன்" என்ற பொருளில் குறி போட்ட இட்'ஸ். இன்றைக்குப் பரீட்சையில் எழுதினால் சிவப்பு மை. ஹெர்'ஸ், யுவர்'ஸ் என்றெல்லாம்கூட அந்தக் காலத்தில் எழுதியிருக்கிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டு வந்தபிறகுதான் பிரதிப்பெயருக்குக் குறி வேண்டாம் என்று ஒருவழியாக நிலைத்தது. அதற்குள் "இட் இஸ்" என்பதைச் சுருக்க இட்'ஸ் பரவிவிட்டது. முன்பு அதற்கு 'டிஸ் என்று, முன்னால் குறி போட்ட வேறொரு சுருக்கம் பேர்பெற்றிருந்தது. ஒரே உருவத்துக்கு இரண்டு வேலை என்று ஆனதும், ஒன்றுக்குக் குறி, மற்றதற்கு இல்லை என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள். ஆக, விதி உண்டு, ஆனால் அது பாகப்பிரிவினை மாதிரி பேசி முடிவானது. இந்த அளவுக்கு வாசகரோடு ஒத்துப்போகிறேன்.

ஜனவரி 12

பன்மை. வேலையின் பொருட்டு மற்றவர்களின் ஆங்கில வரைவுகளைத் திருத்துகிறவன் நான். இட்ஸ் குழப்பத்தைவிட இது இன்னும் அதிகமாகக் கண்ணில் படுகிறது. சில்ட்ரன்ஸ்' என்று எஸ்-க்குப் பின்னால் குறி. விமென்ஸ்' என்று குறி. பலருக்குச் சொந்தமானது என்றால் குறி கடைசியில் என்று யாரோ சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை நான் வேறு மாதிரி சொல்லித் தருவேன். பொருளுக்குச் சொந்தக்காரர் யாரோ அவரை முதலில் தனியாக, முழுசாக எழுதுங்கள். ஒருவரா பலரா என்பதை அங்கேயே முடித்துவிடுங்கள். பிறகு அந்தச் சொல்லின் வாலில் குறி. கடைசியாக ஒரு எஸ். ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே பன்மை எஸ்ஸில் முடிந்திருந்தால் இன்னொரு எஸ் வேண்டாம்.

பாய் - பாய்'ஸ். பாய்ஸ் - பாய்ஸ்'. சில்ட்ரன் என்பதே பன்மை, ஆகவே சில்ட்ரன்'ஸ். விமென் - விமென்'ஸ். பீப்பிள் - பீப்பிள்'ஸ்.

தமிழில் நாம் பேசுவதும் இந்த வரிசைதான். பையன், பையன்கள், பையன்களுடைய. முதலில் "கள்", அப்புறம் ஆறாம் வேற்றுமை. "பையனுடையகள்" என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. வரிசை நமக்குப் பழக்கமானதுதான், ஆங்கிலத்தில் இரண்டு உருபும் ஒரே எஸ்ஸாகப் போனதுதான் சிக்கல்.

ஜனவரி 13

"பொருள் பலவாக இருந்தால்?" என்று கேட்டவருக்கு: பொருளைப் பார்க்கவே வேண்டாம். ஒரு பையனிடம் நூறு பேனா இருந்தாலும் பாய்'ஸ் பென்ஸ். குறி சொந்தக்காரரைத்தான் பார்க்கும், சொத்தை எண்ணாது.

ஜனவரி 16

எஸ்ஸில் முடியும் பெயர்கள். இதைத் தொடாமல் போகலாம் என்றிருந்தேன், மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

ஜேம்ஸ் என்பவரின் புத்தகம். ஜேம்ஸுக்குப் பின்னால் குறி மட்டுமா, குறியோடு இன்னொரு எஸ்ஸுமா? அமெரிக்கப் பத்திரிகைகள் பல பின்பற்றும் ஏபி நடைக்கையேடு குறி மட்டும் போதும் என்கிறது. புத்தகப் பதிப்பாளர்கள் கையில் வைத்திருக்கும் சிகாகோ கையேடு எஸ்ஸும் வேண்டும் என்கிறது. சாக்ரடீஸ் போன்ற பழம்பெயர்களுக்கு மட்டும் சிகாகோ முன்பு சலுகை கொடுத்திருந்தது, 2010-இல் வந்த பதினாறாம் பதிப்பில் அதையும் எடுத்துவிட்டது.

அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலேயே இதில் ஒற்றுமை இல்லை. 2006-இல் கான்சஸ் மாநிலம் சம்பந்தப்பட்ட ஒரு மரண தண்டனை வழக்கில், பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி தாமஸ் கான்சஸுக்குப் பின்னால் குறியோடு நிறுத்தினார். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி சூட்டர் எஸ்ஸும் சேர்த்தார். ஒரே வழக்கு, ஒரே மாநிலம், ஒரே கட்டு. அடுத்த ஆண்டு ஆர்கன்சா மாநில சட்டமன்றம் தன் பெயருக்கு எஸ் உண்டு என்று தீர்மானமே போட்டது. அந்தப் பெயரின் கடைசி எஸ் வாயில் வராது என்பதால், இன்னொரு எஸ் வேண்டும் என்ற கட்சிக்கு அங்கே கொஞ்சம் பலம் அதிகம்.

என் கட்சி: வாயைக் கேளுங்கள். "ஜேம்சிஸ் புக்" என்று சொல்வீர்களானால் எஸ் போடுங்கள், "ஜேம்ஸ் புக்" என்று நிறுத்துவீர்களானால் குறியோடு நிறுத்துங்கள். குறிக்கு ஒலியில்லை என்று முதல் நாள் சொன்னேன் அல்லவா, அந்த எஸ்-க்கு ஒலி உண்டு. அதை ஏன் மறைக்க வேண்டும்?

லண்டனில் உள்ள பூங்கா செயின்ட் ஜேம்ஸ், குறி, எஸ், பார்க். நியூகாசில் கால்பந்து மைதானம் செயின்ட் ஜேம்ஸ், குறி மட்டும், பார்க். எக்ஸெடர் சிட்டி அணியின் மைதானத்துக்கும் அதே பெயர்தான், அங்கே குறியும் இல்லை. மூவரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

ஜனவரி 16, சற்று நேரம் கழித்து

மேலே சொன்னது ஒரே ஆளைப் பற்றி. குடும்பத்தையே சொல்லும்போது குறிக்கு இடமே கிடையாது. ஸ்மித் குடும்பத்தார் தி ஸ்மித்ஸ். ஜோன்ஸ் குடும்பத்தார் தி ஜோன்சஸ், அதாவது ஈ, எஸ் சேர்த்து. அது வெறும் பன்மை. வாழ்த்து அட்டையில் "ஃப்ரம் தி ஸ்மித்'ஸ்" என்று குறி போட்டு அனுப்புவது ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களின் செல்லப் பிழை. வீடு அவர்களுடையது என்றால்தான் குறி, அதுவும் கடைசியில்: தி ஸ்மித்ஸ்' ஹவுஸ், தி ஜோன்சஸ்' ஹவுஸ்.

ஜனவரி 20

"அவங்களே இவ்வளவு குழம்பினா, இந்தக் குறியைக் கொண்டுவந்த புண்ணியவான் யாரு?" என்று முதல் வாசகர்.

ஒற்றை ஆள் இல்லை. குறி பிரான்சிலிருந்து வந்தது. ஜெஃப்ராய் டோரி என்ற பாரிஸ் அச்சகக்காரர் 1529-இல் பிரெஞ்சு எழுத்துக்கு இதைப் பரிந்துரைத்தார். ஒரு உயிரெழுத்து விழுந்துவிட்டது, இங்கே ஒன்று இருந்தது என்று காட்டத்தான். அதே நூற்றாண்டில் ஆங்கில அச்சிலும் நுழைந்தது, அதே வேலைக்கு. உடைமைக்கும் அதற்கும் அப்போது சம்பந்தமே இல்லை.

சம்பந்தம் எப்படி வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும். பழைய ஆங்கிலத்தில் கல் என்பது ஸ்டான். கல்லினுடைய என்பதற்கு ஸ்டானெஸ், கற்கள் என்பதற்கு ஸ்டானஸ். வேற்றுமைக்கு எஸ், பன்மைக்கு அஸ். இரண்டும் வேறு வேறு விகுதிகள், காதுக்கே வித்தியாசம் தெரிந்தது. காலப்போக்கில் கடைசி உயிரொலிகள் தேய்ந்து, இரண்டும் எஸ் என்றே ஆயின. அப்புறம் அந்த எகரமும் பல சொற்களில் வாயிலிருந்து விழுந்தது. 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கையெழுத்துப் பிரதிகளில் உடைமைக்கும் பன்மைக்கும் எழுத்தில் எந்த வேறுபாடும் கிடையாது. குறி இல்லாமலேயே படித்தார்கள், எழுதினார்கள்.

எகரம் விழுந்த இடத்தில் குறி போடலாம் என்று பின்னால் அச்சகங்கள் தொடங்கின. அந்தக் கணக்குப்படி பார்த்தால் பன்மையிலும் எகரம் விழுந்திருக்கிறது, அங்கேயும் போட்டிருக்க வேண்டும். போட்டும் இருக்கிறார்கள். 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் ஆபெரா, காமா போல உயிரொலியில் முடியும் கடன்சொற்களுக்கு ஆபெரா'ஸ், காமா'ஸ் என்று குறியோடு பன்மை எழுதுவது மரியாதையான வழக்கம். இன்று காய்கறிக் கடைப் பலகைப் பிழை என்று ஆங்கிலேயர்கள் கேலி செய்கிறார்களே, "பொட்டேட்டோ'ஸ்", "பனானா'ஸ்", அதன் கொள்ளுத்தாத்தா அச்சகத்தில் வேலை பார்த்தவர்.

உடைமைக்கு ஒருமையில் குறி என்பது 17-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பொதுவாயிற்று. பாய்ஸ்' என்ற கடைசிக் குறி அதற்கும் நூறு ஆண்டு பிந்தி, 18-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில். இதைப் படித்தபிறகு எனக்கு ஒரு தெளிவு வந்தது. பிழை செய்கிறவர்களுக்கு மூளை குறைவு என்று நினைக்கத் தேவையில்லை. வேறு வேறாக இருந்த இரண்டு விகுதிகளை வாய் ஒன்றாக்கிவிட்டது. கை மட்டும் இரண்டாக எழுது என்றால் அது தடுமாறத்தான் செய்யும்.

ஜனவரி 21

ஒருவர் "எஸ் என்பது ஹிஸ் என்பதன் சுருக்கம் என்று படித்தேன், கிங்'ஸ் என்றால் கிங் ஹிஸ்" என்கிறார். பழைய நம்பிக்கை இது, பெரிய ஆட்களே நம்பினார்கள். கிங் ஹிஸ் என்ற பாணியில் நிஜமாகவே எழுதவும் செய்தார்கள். 1605-இல் அச்சான பென் ஜான்சனின் நாடகத் தலைப்பே "செஜானஸ் ஹிஸ் ஃபால்". 1711-இல் ஜோசப் அடிசன், இந்த எஸ் முன்னோர்களின் ஹிஸ், ஹெர் என்பவற்றின் இடத்தில் நிற்கிறது என்று பத்திரிகையில் எழுதினார். ஹெர் என்பதிலிருந்து எஸ் எப்படி முளைக்கும் என்று அவர் விளக்கவில்லை.

1755-இல் தன் அகராதியின் இலக்கணப் பகுதியில் சாமுவேல் ஜான்சன் இதை உடைத்தார். உமன்'ஸ் பியூட்டி என்பதை உமன் ஹிஸ் பியூட்டி என்று விரிக்க முடியுமா என்பது அவர் வைத்த சோதனை. முடியாது. எஸ் பழைய வேற்றுமை விகுதிதான். அந்தக் கட்சி அதோடு காலி.

ஜனவரி 24

பன்மைக்குக் குறியே கூடாது என்று அடித்துச் சொல்லலாமா? கிட்டத்தட்ட. ஒரு சின்ன ஓட்டை இருக்கிறது. தனி எழுத்துகளைப் பன்மையாக்கும்போது, குறிப்பாகச் சின்ன எழுத்துகளை, குறி போட்டால்தான் படிக்க முடியும். பி'ஸ் அண்ட் க்யூ'ஸ். ஐ என்ற எழுத்துக்குக் குறியில்லாமல் எஸ் சேர்த்தால் அது இஸ் என்று படிக்கப்படும். ஏ-க்குச் சேர்த்தால் அஸ் ஆகிவிடும். அங்கெல்லாம் குறி நல்லதே செய்கிறது.

சுருக்கப் பெயர்களுக்கு வேண்டாம். சிடிஸ், எம்பிஸ், ஏடிஎம்ஸ் எல்லாம் குறியின்றி. ஆண்டுகளும் அப்படியே: 1980ஸ். சில பத்திரிகைகள் 1980'ஸ் என்று நெடுங்காலம் எழுதிவந்தன, இன்று அது அருகிவிட்டது. நூற்றாண்டைச் சுருக்கி '80ஸ் என்று எழுதும்போது மட்டும் முன்னால் குறி வரும், விழுந்த 19-க்காக.

அந்த முன்குறியில்தான் கணினி காலை வாரும். சொல்லின் தொடக்கத்தில் குறி தட்டினால் அது மேற்கோள் தொடங்குகிறது என்று மென்பொருள் நினைத்துக்கொண்டு, 6 என்ற எண் போல வளைந்த திறப்புக் குறியைப் போட்டுவிடும். வேண்டியது 9 போல வளைந்தது. குறியை இரண்டு முறை தட்டி முதலாவதை அழித்துவிடுங்கள், சரியாகிவிடும். யூனிகோடில் அந்த வளைந்த குறியின் எண் 2019. விசைப்பலகையில் இருக்கும் நேர்க்குறியின் எண் 0027. அச்சுக்குப் போகும் படிகளில் இரண்டும் கலந்து கிடப்பதைப் பார்க்கும்போது எனக்குப் பல் கூசும், மற்றவர்களுக்குத் தெரிவதுகூட இல்லை.

ஜனவரி 29

கடைப் பெயர், ஊர்ப் பெயர் பற்றித் தொடர்ந்து கேட்கிறார்கள். இதில் இலக்கணத்துக்கு வேலையில்லை. பெயருக்குரியவர் எப்படி எழுதுகிறாரோ அப்படி. ஹாரட்ஸ், செல்ஃப்ரிட்ஜஸ் இரண்டுக்கும் குறி இல்லை. செயின்ஸ்பரி'ஸ், மெக்டொனால்ட்'ஸ் இரண்டுக்கும் உண்டு. லாய்ட்ஸ் வங்கிக்குக் கிடையாது, லாய்ட்'ஸ் ஆஃப் லண்டன் காப்பீட்டுச் சந்தைக்கு உண்டு. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012-இல் குறியை எடுத்துவிட்டது, இணைய முகவரிக்கு வசதி என்பது ஒரு காரணம். லண்டன் சுரங்க ரயிலில் பிக்காடில்லி தடத்தில் அடுத்தடுத்த இரண்டு நிலையங்கள்: ஏர்ல்'ஸ் கோர்ட்டுக்குக் குறி உண்டு, பேரன்ஸ் கோர்ட்டுக்கு இல்லை. வண்டிக்குள் இருக்கும்போது வித்தியாசம் கேட்காது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வாரியம் இருக்கிறது. 1890-இல் அமைந்தது முதல் இடப்பெயர்களில் உடைமைக் குறியை ஏற்பதில்லை. மொத்த நாட்டிலும் ஐந்தே விலக்கு கொடுத்திருக்கிறார்கள். முதலாவது மார்த்தா'ஸ் வின்யார்ட் தீவு, 1933-இல். ஐந்தாவது ஆரிகனில் உள்ள கிளார்க்'ஸ் மவுண்டன், 2002-இல். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகர மன்றம் 2009-இல் தெருப்பலகைகளில் குறி வேண்டாம் என்று முடிவெடுத்தது. கேம்பிரிட்ஜும் 2014-இல் அதே வழியில் போகப் பார்த்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது.

பிப்ரவரி 2

டூ வீக்ஸ்' நோட்டீஸ். இதில் குறி தேவையா என்ற கேள்விக்கு: தேவை. காலமும் சொந்தக்காரர் மாதிரிதான் நடத்தப்படுகிறது. எ டே'ஸ் வொர்க், டூ வீக்ஸ்' நோட்டீஸ், டென் இயர்ஸ்' எக்ஸ்பீரியன்ஸ். வேலை விண்ணப்பங்களில் இந்தக் கடைசிக் குறி இருப்பதைப் பார்ப்பது அபூர்வம். பிடிக்கவில்லை என்றால் தப்பிக்க வழி உண்டு: எ டூ-வீக் நோட்டீஸ், அல்லது டென் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ். நான் பெரும்பாலும் இப்படித்தான் மாற்றிவிடுகிறேன், வாதம் மிச்சம்.

இதையொட்டியே வெட்டரன்ஸ் டே வருகிறது. அமெரிக்க அரசு அதைக் குறியில்லாமல்தான் எழுதுகிறது. முன்னாள் வீரர்களுக்குச் சொந்தமான நாள் இல்லை, அவர்களைப் போற்றும் நாள் என்பது விளக்கம். அன்னையர் நாள் நேர்மாறு. அதற்காகப் பாடுபட்ட ஆனா ஜார்விஸ், மதர்'ஸ் டே என்று ஒருமையில்தான் குறி நிற்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். உலகத்துத் தாய்மார்கள் எல்லோருக்குமான நாளாக அதை அவர் நினைக்கவில்லை. அவரவர் வீட்டில் அவரவர் தாய்க்கு. 1914-இல் அதிபர் வில்சன் அறிவித்தபோதும் அதே வடிவம்தான். ஒரு குறியை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினால் கொண்டாட்டத்தின் பொருளே மாறும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 5

இரண்டு பேர் சேர்ந்து வைத்திருக்கும் வீடு என்றால் கடைசிப் பெயருக்கு மட்டும் குறி: டாம் அண்ட் மேரி'ஸ் ஹவுஸ். ஆளுக்கொரு வீடு என்றால் இருவருக்கும்: டாம்'ஸ் அண்ட் மேரி'ஸ் ஹவுசஸ்.

தி கிங் ஆஃப் ஸ்பெயின்'ஸ் டாட்டர் என்பதைக் கவனியுங்கள். மகள் ஸ்பெயினுக்கு அல்ல, அரசனுக்கு. குறியோ ஸ்பெயினில் தொங்குகிறது. தொடர் முழுவதையும் ஒரே சொல்லாகப் பாவித்து அதன் வாலில் மாட்டுகிறார்கள். மாமியாருக்கும் இதே கதை: மதர்-இன்-லா'ஸ். மாமியார்கள் பலரானால் எஸ் நடுவில் புகும், மதர்ஸ்-இன்-லா. அந்தப் பலருக்கும் சொந்தமான ஏதோ ஒன்று என்றால் மதர்ஸ்-இன்-லா'ஸ். இலக்கணம் அனுமதிக்கிறது, ஆனால் வாக்கியத்தை மாற்றி எழுதுவது எல்லோருக்கும் நல்லது.

அப்புறம் எ ஃப்ரெண்ட் ஆஃப் மை ஃபாதர்'ஸ். ஆஃப் இருக்கும்போது குறி எதற்கு, இரட்டை வேலை அல்லவா என்று ஒருவர். பிழை இல்லை, பழைய வழக்கு. சில இடங்களில் பொருளையும் பிரிக்கும். எ போர்ட்ரெயிட் ஆஃப் தி கிங் என்றால் படத்தில் இருப்பவர் அரசர். ஆஃப் தி கிங்'ஸ் என்றால் படம் அரசருடையது, படத்தில் இருப்பது அவர் குதிரையாகவும் இருக்கலாம்.

பிப்ரவரி 9

மென்பொருள் எழுதும் நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னது: எங்கள் துறையில் இந்தக் குறி இலக்கணப் பிரச்சினை இல்லை, பாதுகாப்புப் பிரச்சினை. தரவுத்தளங்களுக்குக் கட்டளையிடும் எஸ்கியூஎல் மொழியில் நேர்க்குறி என்றால் எழுத்துச்சரம் அங்கே முடிகிறது என்று பொருள். ஓ'பிரையன் என்ற பெயர் படிவத்தில் வந்தால், கவனமில்லாமல் எழுதிய நிரல் ஓ என்பதோடு பெயர் முடிந்துவிட்டது என்று நினைத்து மீதியைக் கட்டளையாகப் படிக்கப் பார்க்கும். அந்த ஓட்டையில்தான் ஊடுருவுகிறவர்கள் நுழைவது. இத்தனைக்கும் ஐரிஷ் மொழியில் அந்தப் பெயரில் அப்பாஸ்ட்ரஃபியே கிடையாது, ஓ-வின் மேல் ஒரு நெடில் கோடுதான் உண்டு. ஆங்கிலத்தில் எழுதியவர்கள் செய்த வேலை.

பிப்ரவரி 14

முதல் வாசகர் திரும்பி வந்து, "அப்போ மொத்தமா எடுத்துடலாமே" என்கிறார்.

பெர்னார்ட் ஷா பாதி எடுத்துப் பார்த்தார். டோன்ட், வோன்ட், கான்ட் எல்லாவற்றையும் குறியில்லாமல்தான் அச்சிட வைத்தார். ஆனால் ஐ'ல், ஹீ'ல் இரண்டிலும் கை வைக்கவில்லை. குறியை எடுத்தால் முதலாவது இல் என்று நோயாகும், இரண்டாவது ஹெல் என்று நரகமாகும். உடைமையில் எடுத்தால் பெரும்பாலும் ஒன்றும் கெட்டுப்போகாது, பேச்சில் இல்லாமல்தானே புரிந்துகொள்கிறோம் என்பது உண்மை. ஆனால் பேச்சில் கேட்டு விளக்கம் வாங்கலாம். "மை சிஸ்டர்ஸ் ஃப்ரெண்ட்ஸ் மணி" என்று ஒரு உயிலில் எழுதியிருந்தால் எத்தனை சகோதரிகள், எத்தனை நண்பர்கள் என்று எழுதியவரைப் போய்க் கேட்க முடியாது. அதனால் எனக்குக் குறி வேண்டும்.

காப்பாற்றவும் ஆள் இருந்தார். ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகையாளர் இங்கிலாந்தில் 2001-இல் அப்பாஸ்ட்ரஃபி பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார். அதே ஆண்டு இலக்கியத்துக்கான இக் நோபல் பரிசும் (நோபலைக் கிண்டல் செய்யும் வேடிக்கைப் பரிசு) கிடைத்தது. 2019-இல், தொண்ணூற்றாறு வயதில், அறியாமையும் சோம்பலும் ஜெயித்துவிட்டன என்று சொல்லி மூடினார். யூனிகோட் எண்ணும் 2019, சங்கம் மூடிய ஆண்டும் 2019, தற்செயல்தான். பிறகு வேறொருவர் பொறுப்பேற்றுத் திரும்பத் திறந்துவிட்டார். பிரிஸ்டல் நகரில் முகம் காட்டாத ஒருவர் ராத்திரியில் நீளக் கோலோடு போய்க் கடைப் பலகைகளில் குறிகளைத் திருத்திவந்தது 2017-இல் பிபிசியில் வந்தது. மற்றவர் பலகையில் கை வைப்பது குற்றமில்லையா என்று கேட்டதற்கு, குறி தப்பாக இருப்பதுதான் பெரிய குற்றம் என்ற பாணியில் பதில் சொன்னார். வாசகர் வாதத்துக்கு நேர் எதிர்முனை அவர். நான் இருவருக்கும் நடுவில் எங்கோ நிற்கிறேன், ஏணி எடுத்துக்கொண்டு போகிற அளவுக்கு இல்லை.

பிப்ரவரி 17

கடைசியாக வந்த கேள்வி: செய்யக்கூடியவை, கூடாதவை என்று தலைப்புப் போட "டூஸ் அண்ட் டோன்ட்ஸ்" என்பதில் குறி எங்கே? இரண்டும் பன்மை, எனவே பன்மைக்குக் குறி கிடையாது. டோன்ட் என்பதற்குள் ஏற்கெனவே ஒரு குறி இருக்கிறது, அது அங்கேயே இருக்கட்டும், எஸ்-க்கு முன் இன்னொன்று வேண்டாம். மிஞ்சுவது டூஸ். டி, ஓ, எஸ் என்று எழுதினால் டாஸ் என்று பழைய கணினி இயங்குதளத்தின் பெயர் மாதிரி தெரிகிறது என்று சிலர் அங்கே மட்டும் குறி போடுகிறார்கள். சிகாகோ கையேடு வேண்டாம் என்கிறது. நான் சிகாகோ பக்கம், ஆனால் யாராவது டூ'ஸ் என்று எழுதிக்கொண்டு வந்தால் அடிப்பதில்லை. டோன்ட்'ஸ் என்று இரண்டு குறியோடு வந்தால் ஒன்றை எடுத்துவிடுவேன்.